ஹிரோஷிமா, நாகசாகி: போர முடிக்க அணுகுண்டு போட்டது சரியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் இந்த வாக்குவாதம் வரும். "போர முடிக்கத்தானே போட்டாங்க"ன்னு ஒருத்தர் சொல்வாரு, "அது பச்சைப் படுகொலை"ன்னு இன்னொருத்தர் சொல்வாரு, அப்புறம் 1945-ல என்ன நடந்துச்சுன்னு பேசாமலே ரெண்டு பேரும் பிரிஞ்சு போயிடுவாங்க. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள எடுத்து பதில் எழுதிருக்கேன். எனக்குன்னு ஒரு முடிவு இருக்கு, அத மறைக்கல. ஆனா எதிர்ப்பக்கத்து வாதத்துல எது கனமோ அத கனமாவே வச்சிருக்கேன்.

முதல்ல, நடந்தது என்ன?

1945 ஆகஸ்ட் 6, காலைல 8:15. டினியன் தீவுல இருந்து கிளம்புன எனோலா கே-ங்கற அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானம் ஹிரோஷிமா மேல ஒரு யுரேனியம் குண்டப் போட்டுச்சு. அது தரைல விழுந்து வெடிக்கல, கிட்டத்தட்ட 600 மீட்டர் உயரத்துலயே வெடிக்கற மாதிரி செட் பண்ணிருந்தாங்க, ஏன்னா அப்பதான் அதிர்ச்சி அலை அதிக தூரத்துக்கு வீடுகள இடிக்கும். வெடிச்ச சக்தி சுமார் 15,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்கு சமம். மூணு நாள் கழிச்சு ஆகஸ்ட் 9, காலைல 11:02-க்கு நாகசாகி மேல புளூட்டோனியம் குண்டு. அந்த விமானம் போனது கொக்குராங்கற ஊருக்கு, அங்க மேகமும் புகையும் மறைச்சதால திரும்பி நாகசாகிக்கு வந்துச்சு. அங்கயும் குறி வச்ச இடத்துல விழாம உரகாமிப் பள்ளத்தாக்கு மேல வெடிச்சது, ஜப்பான்ல கத்தோலிக்கர்கள் அதிகமா வாழ்ந்த பகுதி அது, பெரிய சர்ச் இடிஞ்சு போச்சு.

அந்த வருஷ கடைசிக்குள்ள ஹிரோஷிமால சுமார் 1,40,000 பேரு, நாகசாகில 70,000-க்கு மேல செத்தாங்க. ஆகஸ்ட் 15 சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ ரேடியோல பேசினாரு, செப்டம்பர் 2 மிசௌரிங்கற அமெரிக்கப் போர்க்கப்பல்ல சரணாகதி கையெழுத்தாச்சு.

ஹிரோஷிமா ஒரு ராணுவத் தளம்தானே?

அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் ரேடியோல அப்படித்தான் சொன்னாரு. முழுப் பொய்னு சொல்ல முடியாது. தெற்கு ஜப்பானக் காக்க வேண்டிய இரண்டாம் பொதுப்படையோட தலைமையகம் அங்க இருந்துச்சு, பல்லாயிரம் சிப்பாய்ங்க இருந்தாங்க, கோட்டைக்குள்ளயும் ராணுவம், உஜினா துறைமுகத்துல இருந்துதான் கப்பல்ல படைகள அனுப்புனாங்க.

ஆனா குறி எதுன்னு பாருங்க. ஆங்கில டி எழுத்து மாதிரி இருக்கற அயோய் பாலம், ஊருக்கு நட்ட நடுவுல. துறைமுகத்தக் குறி வைக்கல. குண்டப் பத்தி ட்ரூமனுக்கு ஆலோசனை சொல்ல அமைச்ச இடைக்காலக் கமிட்டி 1945 மே 31 நடத்துன கூட்டத்துலயே பேசி வச்சிருந்தாங்க: முன்னெச்சரிக்கை குடுக்கக் கூடாது, முடிஞ்சவரைக்கும் நிறைய பேரு மனசுல ஆழமா பதியணும், நல்ல டார்கெட்னா நிறைய தொழிலாளிங்க வேலை பாக்கற, சுத்தி நெருக்கமா அவங்க வீடுங்க இருக்கற முக்கியமான போர்த் தொழிற்சாலை. தொழிலாளி வீட்டுல யாரு இருப்பாங்க? பொண்டாட்டி, பிள்ளைங்க, வயசான அப்பா அம்மா. இது தெரியாம நடந்ததில்ல, சுத்தி இருந்த வீடுங்க பிளான்லயே இருந்துச்சு.

இன்னொரு விஷயம், இத எழுதும்போதே மனசு பாரமாகுது. அன்னைக்குக் காலைல ஹிரோஷிமா நடுவுல ஆயிரக்கணக்கான ஸ்கூல் பசங்க தெருவுல நின்னுக்கிட்டிருந்தாங்க. 12, 13 வயசுப் பசங்க. தீ பரவாம இருக்க வரிசையா வீடுகள இடிச்சு இடைவெளி உண்டாக்கற வேலைக்கு அவங்க அரசாங்கமே அனுப்பிருந்துச்சு. அதுல சுமார் 6,000 பேரு செத்துட்டாங்க. ராணுவத் தளம்னு சொல்ற எந்தக் கணக்குலயும் இவங்கள சேர்க்க முடியாது.

குண்டு போடலன்னா படையெடுப்புல பல லட்சம் பேரு செத்திருப்பாங்களே?

இதுதான் அதிகமா கேக்கற வாதம், பயம் நிஜமானது. ஓகினாவால ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் நடந்த சண்டைல 12,000-க்கு மேல அமெரிக்க வீரர்கள் செத்தாங்க, ஜப்பான் படைல அதவிடப் பல மடங்கு, தீவு மக்களே சுமார் ஒரு லட்சம் பேரு. ஒரு சின்னத் தீவுக்கே இப்படின்னா ஜப்பானோட பெரிய தீவுகள்ல இறங்குனா என்ன ஆகும்னு யாருக்குமே நடுக்கம் வரும். ஜப்பானோட தெற்குத் தீவான கியூஷுல எந்தக் கடற்கரைல இறங்குவாங்கன்னு ஜப்பான் ராணுவம் சரியா கணிச்சு படைய குவிச்சுக்கிட்டிருந்துச்சு, அதுவும் உண்மை.

ஆனா ரெண்டு விஷயத்த கவனிக்கணும். பத்து லட்சங்கற எண்ணிக்கை ஊர் பூரா பரவுனது போர் முடிஞ்ச பிறகு, 1947-ல அமெரிக்காவோட முன்னாள் போர் மந்திரி ஸ்டிம்சன் எழுதுன கட்டுரையில இருந்துதான், அதுவும் அவரு சொன்னது செத்தவங்க, காயம்பட்டவங்க எல்லாம் சேர்த்து. 1945 ஜூன்ல ராணுவத் திட்டக்குழு தயாரிச்ச ஒரு மதிப்பீட்டுல கியூஷு, டோக்கியோ ரெண்டு படையெடுப்புக்கும் சேர்த்து அமெரிக்கத் தரப்புல சாவு சுமார் 40,000-ன்னு இருக்கு. வேற மதிப்பீடுகள் இதவிட ரொம்ப அதிகமாவும் இருந்துச்சு. 40,000-ங்கறதும் சின்ன எண் இல்ல, அத்தன அம்மாக்கள் அழுதிருப்பாங்க. ஆனா பெரிய எண்ணிக்கை நிலைச்சு நின்னதுக்குக் காரணம், நியாயப்படுத்த வேண்டிய காரியம் பெருசா இருந்துச்சுங்கறதுதான்னு எனக்குத் தோணுது.

ரெண்டாவது, தேதி. கியூஷு படையெடுப்பு நவம்பர் 1-க்குத்தான் பிளான், டோக்கியோ பக்கம் 1946 மார்ச். ஆகஸ்ட் 6 அன்னைக்கு "ஒண்ணு குண்டு, இல்ல படையெடுப்பு"ன்னு ஒரு நிலைமையே இல்ல. நடுவுல கிட்டத்தட்ட மூணு மாசம் இருந்துச்சு. அந்த மூணு மாசத்துல வேற எதையாவது செஞ்சு பாத்திருக்கலாமாங்கறதுதான் கேக்க வேண்டிய கேள்வி.

ஜப்பான் அதுக்கு முன்னாடியே சரணடையத் தயாரா இருந்துச்சுன்னு சொல்றாங்களே?

இதுலதான் குண்ட எதிர்க்கறவங்க கொஞ்சம் கூடுதலாவே சொல்லிடறாங்க. ஜப்பான்ல முடிவெடுத்தது ஆறு பேரு: பிரதமர் சுசுகி, வெளியுறவு மந்திரி டோகோ, கடற்படை மந்திரி யோனாய், போர் மந்திரி அனாமி, ராணுவத் தளபதி உமேசு, கடற்படைத் தளபதி டொயோடா. தோத்தாச்சுன்னு ஆறு பேருக்கும் தெரியும். ஆனா எப்படி முடிக்கறதுங்கறதுல ஒத்துப்போகல. டோகோ ஜூலைல மாஸ்கோல இருந்த தூதர் சாட்டோ மூலமா ரஷ்யாவ சமாதானத் தூது போக வைக்கப் பாத்தாரு. சாட்டோ ஒளிவுமறைவில்லாம திருப்பி எழுதுனாரு, தெளிவா எதுவும் சொல்லாம ரஷ்யா உதவும்னு நம்புறது வீண், சரணடையறது தவிர வழியில்லன்னு. இந்தத் தந்தி எல்லாத்தையும் அமெரிக்கா இடைமறிச்சுப் படிச்சுக்கிட்டிருந்துச்சு.

அதனால "தயாரா இருந்தாங்க"ன்னு சொல்ல முடியாது, "கடைசி ஆள் வரைக்கும் சண்ட போட முடிவு பண்ணிட்டாங்க"ன்னும் சொல்ல முடியாது. சமாதானம் வேணும்னு நெனச்ச பக்கத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாத ஒரே விஷயம் சக்கரவர்த்தியோட இடம். ராணுவப் பக்கம் அதுக்கு மேல மூணு கேட்டுச்சு: ஆயுதத்த நாங்களே ஒப்படைப்போம், போர்க்குற்ற விசாரணைய நாங்களே நடத்துவோம், வெளிநாட்டுப் படை உள்ள வரக்கூடாது. இந்த மூணுக்கும் நேச நாடுகள் ஒத்துக்கிட்டிருக்காது, ஒத்துக்கக் கூடாது. ஆனா முதல் விஷயம்? ஜப்பான் சரணடையணும்னு நேச நாடுகள் ஜூலை 26 விட்ட போட்ஸ்டாம் அறிவிப்புல சக்கரவர்த்தி பத்தி ஒரு வார்த்தை இல்ல. இருக்கணும்னு ஸ்டிம்சனே சொன்னாரு, அமெரிக்க வெளியுறவு மந்திரி பர்ன்ஸ் எடுக்க வச்சாரு. கடைசில என்னாச்சு, ஹிரோஹிட்டோ 1989-ல சாகற வரைக்கும் சக்கரவர்த்தியாவே இருந்தாரு. முன்னாடியே சொல்லிருந்தா உடனே முடிஞ்சிருக்கும்னு யாராலயும் உறுதி குடுக்க முடியாது, ஆனா சொல்லிப் பாக்கறதுக்கு ஒரு உயிர் கூட செலவில்ல.

அப்ப போர முடிச்சது குண்டா, ரஷ்யாவா?

ஆகஸ்ட் 8 ராத்திரி சோவியத் போர் அறிவிச்சுது, நள்ளிரவு தாண்டுனதும் ஜப்பான் பிடில இருந்த வடகிழக்குச் சீனாவான மஞ்சூரியாக்குள்ள இறங்குச்சு. 9-ம் தேதி காலைல அந்த ஆறு பேரும் கூடுனாங்க. பேசிக்கிட்டிருக்கும்போதே நாகசாகி செய்தி வந்துச்சு. அதுக்கு அப்புறமும் மூணுக்கு மூணுதான். ராத்திரி சக்கரவர்த்தி தலையிட்டுத்தான் முடிவாச்சு. அதுக்கும் பிறகு 14-ம் தேதி ராத்திரி கொஞ்ச அதிகாரிங்க அரண்மனைக்குள்ள புகுந்து சரணாகதிப் பேச்சு ரெக்கார்டிங்க பறிக்கப் பாத்தாங்க, நடக்கல.

வரலாற்று ஆசிரியர் சுயோஷி ஹசேகவா சோவியத் வந்ததுதான் பெரிய காரணம்ங்கறாரு, ஏன்னா தூது போகும்னு நம்பிக்கிட்டிருந்த கடைசிக் கதவும் அன்னைக்கு மூடிடுச்சு. ரிச்சர்ட் ஃபிராங்க் மாதிரி ஆளுங்க குண்டு இல்லாம சக்கரவர்த்தி அசைஞ்சிருக்க மாட்டாருன்னு சொல்றாங்க. மக்களுக்குப் பேசின ரேடியோ உரைல புதுசான கொடூரமான குண்டு பத்தி சொன்னாரு, ரெண்டு நாள் கழிச்சு சிப்பாய்களுக்கு விட்ட ஆணைல குண்டு பத்தி ஒண்ணுமில்ல, சோவியத் பத்தி இருக்கு. ரெண்டும் சேர்ந்துதான் தள்ளுச்சுன்னு நான் நெனைக்கறேன். இதுல ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கணும்: குண்டு போர முடிச்சுதுன்னே வச்சுக்கிட்டாலும் அது சரியாங்கற கேள்வி அப்படியேதான் நிக்குது. பலன் கிடைச்சதும் நியாயம் இருந்ததும் ஒண்ணு இல்ல.

ஆசியால ஜப்பான் பிடிச்சு வச்சிருந்த நாட்டு மக்களோட நிலைமை என்ன? அவங்க உயிர யாரு கணக்குல சேக்கறாங்க?

குண்டுக்கு ஆதரவா இருக்கற வாதங்கள்ல என்ன உண்மையா தடுமாற வைக்கறது இது ஒண்ணுதான். அமெரிக்காக்காரங்க வாதம் பெரும்பாலும் அமெரிக்க சிப்பாய்ங்களப் பத்தி, ஜப்பான்காரங்க துக்கம் ஜப்பான் மக்களப் பத்தி, நடுவுல கோடிக்கணக்கான சீனர்கள், வியட்நாமியர்கள், ஜாவாக்காரங்க, மலாயாக்காரங்க காணாமப் போயிடறாங்க. வியட்நாமோட வடபகுதில 1944-45 பஞ்சத்துல மட்டும் பல லட்சம் பேரு பட்டினில செத்தாங்க. சீனால போர் நடந்த ஒவ்வொரு மாசமும் ஆயிரக்கணக்குல சாவு. போர் இன்னும் மூணு மாசம் நீண்டிருந்தா இவங்கதான் முதல்ல செத்திருப்பாங்க, எந்த நாட்டுத் தலைவரும் அதுக்காக ராத்திரி தூங்காம இருந்திருக்க மாட்டாரு.

நம்ம ஆளுங்களும் அதுல உண்டு. மலாயா ரப்பர் தோட்டங்கள்ல இருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளிங்கள ஜப்பான் ராணுவம் சயாம்-பர்மா ரயில்பாதை போட இழுத்துட்டுப் போச்சு, சயாம் மரண ரயில்னு மலேசியால இன்னைக்கும் சொல்றது அததான். 415 கிலோமீட்டர் பாதை, காலரா, மலேரியா, அடி, பட்டினி. போனவங்கள்ல நிறைய பேரு திரும்பல, திரும்பாதவங்களுக்கு சமாதி கூட கிடையாது. 1945 ஆகஸ்ட்ல அந்தக் கேம்ப்ல உயிரோட இருந்த ஒருத்தர்கிட்ட போய் "குண்டு போட்டது தப்பு"ன்னு சொல்ற தைரியம் எனக்கு இருக்குமான்னு தெரியல. போர் முடிஞ்சதுல அவருக்கு வந்த நிம்மதி நியாயமான நிம்மதி.

இருந்தாலும் அந்த நிம்மதிக்கு விலையா ஹிரோஷிமா தெருவுல நின்ன 12 வயசுப் பொண்ணக் குடுக்கலாமான்னா, குடுக்க முடியாதுன்னுதான் என் பதில். அவ ரயில்பாதை போட ஆள் பிடிக்கல. தோட்டத் தொழிலாளிய இழுத்துட்டுப் போன அதே அரசாங்கம்தான் அவளையும் வீடு இடிக்க இழுத்துட்டு வந்துச்சு.

சீனால நான்ஜிங் படுகொலை, அமெரிக்காவோட பேர்ல் ஹார்பர் தளத்து மேல தாக்குதல் எல்லாம் பண்ணவங்கதானே, அனுபவிக்கட்டுமே?

பண்ணவங்க வேற, செத்தவங்க வேற. ஹிரோஷிமால செத்தவங்கள்ல ஆயிரக்கணக்கானவங்க கொரியாக்காரங்க, ஜப்பானோட காலனி நாட்டுல இருந்து வேலைக்கு வந்தவங்க, நிறைய பேர கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. பிடிபட்டு சிறைல இருந்த 12 அமெரிக்க விமானப்படைக்காரங்களும் அங்கதான் செத்தாங்க. நான்ஜிங்ல நடந்ததுக்குப் பழின்னு சொன்னா அந்தக் கொரியப் பெண்ணுக்கு என்ன கணக்கு சொல்லுவீங்க?

டோக்கியோல தீக்குண்டு போட்டதுல ஒரே ராத்திரில அவ்ளோ பேரு செத்தாங்களே, அணுகுண்டு மட்டும் ஏன் தனியா?

சரியான கேள்வி. 1945 மார்ச் 9-10 ராத்திரி டோக்கியோல சுமார் ஒரு லட்சம் பேரு எரிஞ்சு செத்தாங்க. அதுக்கப்புறம் 60-க்கு மேல ஊருங்க எரிஞ்சுச்சு. அதாவது ஆகஸ்ட் வர்றதுக்குள்ளயே ஊர எரிக்கறது வழக்கமாகிப் போச்சு, அதனாலதான் அணுகுண்டு முடிவுக்கு யாரும் பெருசா தயங்கல. டோக்கியோவும் தப்புதான்னு நான் சொல்றேன், அதக் காட்டி ஹிரோஷிமாவ சாதாரணமாக்க முடியாது. கதிர்வீச்சு வேற இருக்கு. காயமே இல்லாம தப்பிச்சவங்களுக்கு சில வாரத்துல முடி கொட்டி, ஈறுல ரத்தம் வந்து சாவு. ரெண்டு வயசுல குண்டுல தப்பிச்ச சடாகோ சசாகி 12 வயசுல, 1955-ல ரத்தப் புற்றுநோய்ல செத்தா. போர் முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சு.

ஜப்பானுக்கு சும்மா காட்டி பயமுறுத்திருக்கலாமே?

அணுகுண்ட உருவாக்குன மன்ஹாட்டன் திட்டத்துலயே இருந்த விஞ்ஞானிங்க கேட்டாங்க. 1945 ஜூன்ல ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமைல ஒரு ரிப்போர்ட், ஆளில்லாத இடத்துல போட்டுக் காட்டுங்கன்னு. ஜூலைல லியோ சிலார்ட் 70 பேரு கையெழுத்தோட மனு எழுதுனாரு, அது ட்ரூமன் கைக்கே போகல. ஓப்பன்ஹைமர், ஃபெர்மி, லாரன்ஸ், காம்ப்டன் இருந்த விஞ்ஞானிகள் குழு, போர முடிக்கற மாதிரி ஒரு டெமோ எங்களால யோசிக்க முடியலன்னு சொல்லிடுச்சு. வெடிக்கலன்னா என்ன பண்றது, அமெரிக்கக் கைதிங்கள அந்த இடத்துக்கு கொண்டு வந்து நிறுத்திட்டா என்ன பண்றதுங்கற பயம் எல்லாம் இருந்துச்சு. நியாயமான பயம்தான். ஆனா குண்டுக்கு முன்னாடி இருந்த வழிய எல்லாம் (டெமோ, சக்கரவர்த்தி பத்தி ஒரு உறுதி, சோவியத் வர்ற வரைக்கும் ஒரு வாரம் பொறுக்கறது) ஒண்ணு ஒண்ணா "இது பத்தாது"ன்னு தள்ளுனாங்களே தவிர, எல்லாத்தையும் சேர்த்து முயற்சி பண்ணிப் பாக்கல. முற்றுகை போட்டு காத்திருக்கலாமேன்னு சிலர் சொல்றாங்க, அத நான் ஏத்துக்கல, பட்டினி போட்டாலும் முதல்ல சாகறது குழந்தைங்கதான்.

நாகசாகி எதுக்கு? மூணு நாள்ல என்ன அவசரம்?

ஹிரோஷிமாவ ஏத்துக்கறவங்கள்லயே பலர் இங்க நின்னுடறாங்க. ரெண்டாவது குண்டுக்குன்னு தனியா யாரும் உக்காந்து முடிவெடுக்கல. ஜூலை 25 போட்ட ஒரே ஆர்டர்ல ஹிரோஷிமா, கொக்குரா, நிகாட்டா, நாகசாகின்னு நாலு ஊரு, அடுத்தடுத்த குண்டுங்க ரெடியானதும் போடலாம்னு எழுதியாச்சு. 11-ம் தேதி போட வேண்டியது, வானிலை மோசமாகும்னு 9-ம் தேதிக்கே கொண்டு வந்துட்டாங்க. அந்த ஆறு பேருக்கு ஹிரோஷிமால நடந்தது என்னன்னு முழுசா புரிஞ்சு பேசி முடிக்கக் கூட அவகாசம் குடுக்கல. ஒரு ஊரோட 70,000 பேரு உயிர் வானிலை ரிப்போர்ட்டால தீர்மானமாச்சு. 10-ம் தேதிதான் ட்ரூமன் இனிமே என் உத்தரவு இல்லாம போடக் கூடாதுன்னு நிறுத்துனாரு. இன்னொரு லட்சம் பேர அழிக்கற நெனப்பே கொடுமையா இருக்கு, அத்தன குழந்தைங்களக் கொல்றது பிடிக்கலன்னு அவரு அன்னைக்கு மந்திரிகள்கிட்ட சொன்னத வர்த்தக மந்திரி வாலஸ் தன் டைரில எழுதி வச்சிருக்காரு. இந்த எண்ணம் நாலு நாள் முன்னாடி வந்திருக்கணும்.

தத்துவவாதிங்க என்ன சொல்றாங்க?

1956-ல ஆக்ஸ்ஃபோர்டு ட்ரூமனுக்கு கௌரவப் பட்டம் குடுக்கப் போனப்ப அங்க இருந்த தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கம் எழுந்து எதிர்த்தாங்க: ஒரு பலனுக்காக அப்பாவிங்களத் தெரிஞ்சே கொல்றது கொலை, அந்தப் பலன் எவ்வளவு நல்லதா இருந்தாலும் சரி. பட்டம் குடுத்துட்டாங்க, அது வேற. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் பசிபிக் போர்ல சிப்பாயா இருந்தவரு, படையெடுப்பு நடந்திருந்தா அவரே செத்திருக்கலாம். அப்படிப்பட்டவரு 1995-ல ஹிரோஷிமா பெரிய தப்புன்னு எழுதுனாரு. எதிர்ப்பக்கம், "மொத்த சாவு எதுல குறைவோ அதத்தான் தேர்ந்தெடுக்கணும், கை சுத்தமா இருக்கணும்னு பாத்து அதிக பேர சாகவிடக் கூடாது"ங்கறாங்க.

என் பதில் இது. ஆறு பேரு ஒரு ரூம்ல உக்காந்து முடிவெடுக்க மாட்டேங்கறாங்க. அவங்க மனச மாத்தறதுக்காக அந்த ரூமுக்கு சம்பந்தமே இல்லாத, அவங்கள ஓட்டுப் போட்டு எறக்கவும் முடியாத ரெண்டு லட்சத்துக்கு மேல பேர எரிக்கறோம். செத்தவங்க யாரும் ஆபத்தா இருந்ததால சாகல, அவங்க சாவு ஒரு செய்தியா பயன்படும்னு செத்தாங்க. இத அனுமதிச்சா, பிடிவாதமான தலைவர் இருக்கற எந்த நாட்டுலயும் எந்த ஊரையும் எரிக்கலாம், கணக்கு மட்டும் சரியா வந்தா போதும். கணக்கப் போடறதும் எப்பவும் குண்டு வச்சிருக்கறவங்கதான்.

சட்டம் என்ன சொல்லுது? இப்ப இத ஏன் பேசணும்?

1963-ல டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், உயிர் தப்பினவங்க போட்ட கேஸ்ல, அந்த ரெண்டு குண்டுவீச்சும் அன்னைக்கு இருந்த சர்வதேச சட்டத்துக்கே விரோதம்னு சொல்லுச்சு, ஆனா நஷ்ட ஈடு கேக்க வழியில்லன்னுடுச்சு. 1996-ல சர்வதேச நீதிமன்றம் அணு ஆயுதப் பயன்பாடு பொதுவா சட்டத்துக்கு விரோதம்னு கருத்து சொல்லிட்டு, ஒரு நாடே அழியற நிலைமைல என்னன்னு முடிவா சொல்ல முடியலன்னு விட்டுடுச்சு. 2017-ல அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் வந்துச்சு, 2021-ல அமலாச்சு.

இப்ப நம்ம விஷயத்துக்கு வரேன். இந்தியா 2003-ல வெளியிட்ட கொள்கைல, நாம முதல்ல போட மாட்டோம், நம்ம மேல போட்டா பதிலடி பெரும் அளவுல, எதிரியால தாங்க முடியாத சேதம் வர்ற மாதிரி இருக்கும்னு இருக்கு. தாங்க முடியாத சேதம்னா நடைமுறைல ஊருங்கதான். எந்த ஊரு, அங்க காலைல எட்டேகால் மணிக்கு யாரு தெருவுல நிப்பாங்கன்னு நாம பொதுவுல கேட்டதே இல்ல. 1945-ல ட்ரூமன் பண்ணது தப்புன்னு சொல்ற நான், இதையும் கேக்காம இருந்தா அது நேர்மை இல்ல.

2017 ஒப்பந்தத்துல இந்தியா சேரல, பாகிஸ்தான் சேரல, அணு ஆயுதம் வச்சிருக்கற ஒன்பது நாட்டுல ஒண்ணு கூட சேரல. அமெரிக்காவோட அணு ஆயுதப் பாதுகாப்ப நம்பி இருக்கற ஜப்பானும் சேரல. குண்டுல தப்பினவங்களோட அமைப்பான நிஹோன் ஹிடான்கியோவுக்கு 2024-ல அமைதி நோபல் குடுத்தாங்க, நீங்களாவது கையெழுத்துப் போடுங்கன்னு அவங்க கேட்டு வர்றது சொந்த அரசாங்கத்துக்கிட்டயேதான்.